சொக்சோ மறுத்தால்

தாசேக் கெலுகோரில் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் இயலாமை ஓய்வூதியம் கேட்டு மறுக்கப்பட்டவர்கள் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம். மாதாமாதம் சம்பளத்தில் சந்தா கட்டியவர்கள் நீங்கள். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நோயின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. உடல் வலிமைக்கேற்ற வேலை செய்து, நலமான தொழிலாளியின் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஈட்ட முடியுமா என்றே கேட்கிறது. ஆகவே 'முதுகுத்தண்டு பாதிப்பு' என்ற ஒற்றை வரி போதாது. எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது என்று நிபுணர் விவரமாக எழுதித் தரவேண்டும்.

சொக்சோவின் மருத்துவக் குழுவே மறுத்தபின் மறுபடி கேட்டு என்ன பயன் என்பார்கள் சிலர். ஆனால் மேல்முறையீட்டை ஆராய்வது வேறொரு மருத்துவக் குழு. போலிகள் புகுந்துவிடுவார்களே என்ற கவலையும் நியாயம்தான், அதற்காகத்தான் பரிசோதனை. உண்மையாகவே நலிந்தவர் அதற்கு ஏன் தயங்கவேண்டும்? முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மனுச் செய்யவேண்டும். நிபுணரைப் பார்க்கவே வாரங்கள் ஆகலாம் என்பதால், இன்றே தேதி வாங்குங்கள்.