இருமலுக்கு முன்பே தெரியும் காசநோய்



காசநோய் என்றதும் இருமலும் இரத்தச் சளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பில் உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோயாளிகளுள் 42.6 சதவிகிதத்தினர், மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படாதிருந்தால் கண்டறியப்படாமலே போயிருப்பர். அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால் அவர்களை நலமுடையோர் என்றே எழுதியிருப்பார்கள்.

கதிர், ராண்ட்ஜன் 1895-இல் கண்டறிந்த அதே கதிர்தான், மாறியிருப்பது கருவி. பேட்டரியில் இயங்கி, கையில் எடுத்துச் செல்லுமளவுக்கு அது சுருங்கிவிட்டது. இருட்டறை வேண்டியதில்லை. எடுத்த படத்தைக் கணினியே ஆராய்ந்து, காசநோய்க்கான வாய்ப்பை மதிப்பெண்ணாகத் தருகிறது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடம் இம்முறையைப் பயன்படுத்தலாமென உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. படம் பார்க்கும் நிபுணர் இல்லாத சிற்றூர்களுக்கு இது பெருந்துணை.

எனினும், கணினி எழுப்புவது ஐயமே, தீர்ப்பன்று. ஆறிப்போன பழைய தழும்பையும் அது நோயெனக் காட்டக்கூடும். சளியைப் பரிசோதித்தே உறுதிசெய்தல் வேண்டும். முதுகெலும்பிலோ கழுத்துக் கட்டியிலோ உள்ள காசநோய் மார்புப் படத்தில் தெரியாமலும் போகலாம்.

வீட்டில் ஒருவர் இந்நோய்க்கு மருந்துண்கிறார் எனில், மற்றவர்கள் இருமல் வரட்டுமெனக் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோமே, வெளியில் தெரிந்துவிடுமே என்று தள்ளிப்போடாதீர்கள். கருவுற்றிருப்போர் மட்டும், படம் எடுக்குமுன் அதனைத் தெரிவித்துவிட வேண்டும்.