பிறையோடு நின்றுவிடலாமா?





சங்கத்தின் ஐம்பது ஆண்டு வரலாற்றைச் சொல்ல மூத்தவர்கள் இருக்கிறார்கள். லோபாக்கிலும் சிரம்பானிலும் கடை நடத்தும் எங்களைப் போன்ற இளையவர்களிடம், "நீங்கள் பாலிடெக்னிக் படித்தவர்கள், அறிவியல் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். டிப்ளோமா முடித்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் நாங்கள்; விஞ்ஞானிகள் அல்ல. ஆகவே நம் வீடுகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

"ஊரில் நாளைக்குத்தான் பெருநாளாம். இங்கே மட்டும் ஏன் இன்றைக்கே?" போனில் இந்தப் பேச்சு வராத வீடு நம்மில் குறைவு. 2024ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மலேசியாவில் ஏப்ரல் 10ஆம் தேதி நோன்புப் பெருநாள். தமிழ்நாட்டில் 11ஆம் தேதி. யார் சரி, யார் தவறு என்று சண்டை போட்டவர்களும் உண்டு. வானத்தில் அன்று என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அந்த ஏப்ரல் 8ஆம் தேதி அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம். சந்திரன் சூரியனுக்கு நேர் முன்னால் வந்து நின்றது. நம் நேரப்படி அது 9ஆம் தேதி அதிகாலை 2 மணி 21 நிமிடம். அந்தக் கணத்திலிருந்து சந்திரன் சூரியனை விட்டு விலகத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் அரைப் பாகை விலகும். அது முழுநிலவின் அகலத்துக்குச் சமம். நமக்கு மாலை சூரியன் மறைந்தபோது பிறைக்கு வயது 17 மணி நேரம். தமிழ்நாட்டில் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே சூரியன் மறையும்போது பிறை இன்னும் சற்று விலகியிருக்கும். அதாவது நம்மைவிட அவர்களுக்குத்தான் பார்ப்பது சற்று எளிது!

பிறகு ஏன் அங்கே ஒரு நாள் தாமதம்? வானம் காரணம் அல்ல, முறை காரணம். அங்கே கண்ணால் கண்டவரின் சாட்சியம் வந்தால்தான் மாதம் பிறக்கும். அன்று பிறை தென்படவில்லை. நோன்பு முப்பதாக நிறைந்தது. இங்கே கணக்கும் பார்வையும் சேர்ந்தே நடக்கும். பிறை அடிவானத்துக்கு மேல் 3 பாகை உயரமும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகலும் இருந்தால் அது பார்க்கத்தக்க பிறை என்று மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய நான்கு நாடுகளும் பேசி வகுத்த அளவு. மேகம் மறைத்தாலும் கணக்கு நிற்கும். 3 பாகை என்றால் எவ்வளவு? ஆறு முழுநிலவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம், அவ்வளவுதான். இரண்டு முறைக்கும் மார்க்கத்தில் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருக்கும் நம் மச்சானோடு இதற்காக மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை.

இந்த அளவு எப்படி வந்தது என்பதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முன்பு இருந்த அளவு 2 பாகை உயரம், 3 பாகை விலகல், அல்லது 8 மணி நேர வயது. அது 2021இல், ஹிஜ்ரி 1443 முதல் மாறியது. பல ஆண்டுகளாகப் பிறை பார்த்தவர்கள் எழுதிவைத்த பதிவுகளை எடுத்துச் சோதித்தார்கள். அவ்வளவு தாழ்ந்த பிறையை உண்மையில் யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்தது. அளவை மாற்றினார்கள். நம் மாநிலத்திலேயே போர்ட்டிக்சன் தெலோக் கெமாங்கில் பைத்துல் ஹிலால் இருக்கிறது. தொலைநோக்கியோடு மேற்கே கடலைப் பார்த்து நிற்கும் அந்த அலுவலர்கள், 'கண்டோம்' என்றாலும் எழுதுகிறார்கள், 'காணவில்லை' என்றாலும் எழுதுகிறார்கள். பார்ப்பதும், பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதும்தான் வானியல். பிறைக்கு மட்டுமல்ல, முழுப் பிரபஞ்சத்துக்கும் அதே வேலைதான்.

நம் முன்னோர் இந்த வேலையில் பின்தங்கியவர்கள் அல்லர். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற அறிஞர் பாரசீகத்தில் வாழ்ந்தவர். கிரேக்க அறிஞர் தாலமி ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்களுக்கு ஒரு பட்டியல் வைத்துவிட்டுப் போயிருந்தார். 'பெரியவர் எழுதிவிட்டார்' என்று அஸ்ஸூஃபி விட்டுவிடவில்லை. ஒவ்வொரு விண்மீனையும் தாமே பார்த்து, ஒளி எவ்வளவு, நிறம் என்ன என்று திருத்தி, கி.பி. 964 வாக்கில் நூலாக்கினார். அதில் ஓரிடத்தில் 'சிறு மேகம்' என்று ஒன்றைக் குறித்துவைத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை. இருந்ததை எழுதினார். ஏறத்தாழ 960 ஆண்டுகள் கழித்து, 1923இல், எட்வின் ஹபிள் அமெரிக்காவில் நூறு அங்குலத் தொலைநோக்கியால் அதே மேகத்துக்குள் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டார். அதை வைத்துத் தூரம் கணக்கிட்டார். அது மேகமல்ல, நம் பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம். ஆண்ட்ரோமெடா என்கிறார்கள். இன்றைய கணக்கில் அதன் ஒளி நம்மை வந்து சேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகிறது.

சமர்க்கந்தில் அரசர் உலூக் பேக் பெரிய வானாய்வுக்கூடம் கட்டி, 1437இல் 1,018 விண்மீன்களின் பட்டியலைத் தந்தார். உலகம் இன்றும் வழங்கும் விண்மீன் பெயர்களில் பல அரபு. நாம் ரோகிணி என்று சொல்வது அல்டெபரான். 'பின்தொடர்வது' என்று பொருள். திருவோணம் அல்டேர், 'பறக்கும் கழுகு' என்ற பெயரிலிருந்து வந்தது. தமிழ்ப் பெயரும் அரபுப் பெயரும் இரண்டும் நம் வீட்டுச் சொத்து. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவற்றில் ஒன்றையாவது வானத்தில் காட்டத் தெரியும்?

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் எழுந்தது. அங்கிருந்து டெய்லர் என்பவர் 1844இல் 11,015 விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியவேண்டும் என்று கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளில் சிறுநூல் போட்டார். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உறவு உள்ளவர்கள் இங்கே இருக்கலாம். அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். வேணு பாப்பு என்ற அறிஞர் தேர்ந்தெடுத்த இடம். இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986 முதல் அவர் பெயரிலேயே அங்கே நிற்கிறது.

வியாபாரிகளான நமக்கு இந்த வேலை எளிதாகப் புரியும். ஆண்டு முடிவில் கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிறோம். எது எவ்வளவு, எங்கே இருக்கிறது, புதிதா பழையதா என்று எழுதாமல் கடை நிலவரம் தெரியாது. வானத்துக்கும் அப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். ஐரோப்பியர்கள் 2013இல் அனுப்பிய கையா விண்கலம் 2025 ஜனவரி வரை வேலை செய்தது. 2022இல் வெளியிட்ட அதன் பட்டியலில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள். தூரத்தை எப்படி அளந்தார்கள்? பிள்ளைகளே, கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுகிறதல்லவா? பக்கத்தில் இருந்தால் அதிகம் மாறும், தள்ளி இருந்தால் குறைவாக மாறும். பூமி ஆறு மாதத்தில் சூரியனின் மறுபக்கம் போய்விடும். அந்த இரண்டு இடங்களும்தான் இரண்டு கண்கள். இடையே 30 கோடி கிலோமீட்டர்.

விண்மீன் மண்டலங்களைக் கணக்கெடுத்தது ஸ்லோன் ஆய்வு. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் 2000இல் தொடங்கியது. அலுமினியத் தகட்டில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு துளை போட்டு, 640 கண்ணாடி இழைகளைக் கையாலேயே செருகி, ஒரே நேரத்தில் அத்தனை ஒளியையும் பிரித்துப் பார்த்தார்கள். நம்மைப் போல் பட்டறையில் பழகியவர்களுக்கு வேலை கிடைக்கக்கூடிய இடம்தான் அது! நம்மைவிட்டு விலகும் மண்டலத்தின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். தொலைவு கூடக் கூட நகர்வும் கூடும். அப்படியானால் பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால், இந்த விரிவு தொடங்கி 1,380 கோடி ஆண்டுகள்.

கோடி ஆண்டு மாற்றத்தைச் சில ஆண்டுகளில் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். இந்த மண்டபத்தைப் பாருங்கள். தொட்டில் குழந்தையும் இருக்கிறது, பள்ளிப் பிள்ளையும் இருக்கிறது, கைத்தடி ஊன்றிய அப்பாவும் இருக்கிறார். வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் இங்கே உட்கார்ந்தாலே, மனிதன் எப்படி வளர்கிறான் என்று எழுதிவிடுவார். தொலைவில் உள்ள மண்டலத்தின் ஒளி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. ஆகவே அது தன் இளமைப் பருவத்தில் நமக்குத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பது முதிர்ந்த வயதில் தெரிகிறது. இரண்டையும் வரிசைப்படுத்தினால் பிரபஞ்சம் வளர்ந்த கதை கிடைக்கிறது. ஒன்றைப் பார்த்தால் போதாது, நிறையப் பார்க்க வேண்டும். பட்டியல்கள் அதற்காகத்தான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீட்டில் ஒரு பிள்ளை, "நான் விண்மீன் பற்றிப் படிக்கப் போகிறேன்" என்றால் நாம் என்ன சொல்வோம்? "அதைப் படித்து என்ன சம்பாதிக்கப் போகிறாய்? கணக்கியல் படி, இல்லையென்றால் கடையைப் பார்" என்போம். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது: டாக்டர் மஸ்லான் ஒத்மான். 1951இல் பிறந்தார். எங்கே? இதே சிரம்பானில். துங்கு குர்ஷியா கல்லூரியில் படித்தார். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1981இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தத் துறையில் முனைவரான முதல் பெண் அவர். மலேசியாவின் முதல் விண்ணியற்பியலாளரும் அவர்தான். கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்தை வழிநடத்தினார். தேசிய விண்வெளி நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். வியன்னாவில் ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கே இயக்குநராக இருந்தார். நம் ஊர் முஸ்லிம் பெண் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். நம் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை ஏன் அடைபட வேண்டும்?

நம் மூத்தவர்கள் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய் வியாபாரம் செய்த காலத்தில், திரும்பி வரும் பாதையில் வானம் முழுக்க விண்மீன் தெரிந்தது. இன்று லோபாக்கில் தெருவிளக்கும் கடை விளக்கும் வானத்தை மறைத்துவிட்டன. நம் பிள்ளைகளுக்குப் பிறைகூட தொலைக்காட்சி அறிவிப்பாகவே வந்து சேர்கிறது. பார்க்காதவர்களுக்குக் கேள்வி வராது; கேள்வி வராதவர்கள் படிக்க மாட்டார்கள். இதுதான் எங்கள் கவலை.

ஆகவே இளையவர்கள் சார்பில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒன்று: ஷஅபான் 29ஆம் நாள் மாலை நம் பிள்ளைகளைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போவோம். நல்ல பைனாகுலர் ஒன்று போதும். ஆனால் சூரியன் முழுவதும் மறையும்வரை அதைக் கண்ணில் வைக்க விடக்கூடாது, பார்வை போய்விடும். இரண்டு: சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் திறப்போம். தேதி, நேரம், மேகம், கண்டோமா இல்லையா என்று பிள்ளைகள் கையாலேயே எழுதட்டும். மூன்று: கல்வி உதவி கேட்டு வரும் பிள்ளை வானியலோ இயற்பியலோ படிக்க விரும்பினால், மருத்துவம் படிக்கும் பிள்ளைக்குச் சமமாக அதையும் எண்ண வேண்டும்.

ஐம்பது பக்கம் நிறைந்த நோட்டு ஒன்று, நூற்றாண்டு விழாவில் இந்த மேடைக்கு வரட்டும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவை விசாலமாக்குவானாக. ஆமீன்.