சாமியான வீரன்

செங்கம் பக்கத்தில் வழியோரம் நிற்கும் நடுகற்களை வேடியப்பன் என்று பலர் கும்பிட்டுப் பொங்கலிடுகிறார்கள். அக்கற்கள் என்ன சொல்லுகின்றன?

எடத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளின் பொருட்டு நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி மாண்டானென்றும், திருடர் இருவரைக் கடித்து அவன் நாய் காவல் நின்றதென்றும் அதில் வெட்டியிருக்கிறது. நாயின் பெயரைக்கூட விடவில்லை. இதில் தெய்வமெங்கே? மந்திரமெங்கே?

நாய்க்கும் பெயரெழுதி நன்றி காட்டினார்கள் அன்றையோர். நாமோ மனிதனைச் சாமியாக்கி, அவன் பெயரையே தொலைத்தோம். மிஞ்சியது பயமும் பூசாரி தட்சணையுந்தான்!

வட்டெழுத்து நமக்குத் தெரியாதெனலாம். இப்பகுதிக் கல்வெட்டுக்களைத் தமிழ்நாடு தொல்பொருள் துறை 1972-லேயே அச்சிட்டுவிட்டது. ஆகவே, படையலை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு அவன் பெயரைச் சொல்லுங்கள். அதுவே வீரனுக்கு மரியாதை.