இருமலும் நுண்ணோக்கியும்

சிங்கப்பூரின் மேற்கே புக்கிட் பாத்தோக் என்றோர் இடம் இருக்கிறது. மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று. பாத்துக் என்றால் இருமல். முன்னாளில் அங்கே கருங்கல்லுக்கு வெடி வைத்தபோது குன்றே இருமுவது போல ஓசை எழுந்ததாம். அதனால் வந்த பெயர் என்பார்கள். வேறு விளக்கங்களும் உண்டு.

குன்று இருமினால் கவலையில்லை. வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் இருமினால்? அது சாதாரணச் சளியா, சயரோகமா? சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது அதை அறிய ஒரு வழி. அந்தக் கருவியின் உறுப்புகளைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடியில் ஓர் ஆடியோ சிறு விளக்கோ இருக்கும். ஒளியை மேலே அனுப்புவது அதன் வேலை. அதற்கு மேலுள்ள குவிப்பான் அந்த ஒளியை ஓரிடத்தில் சேர்க்கும். அதனோடு சேர்ந்த ஒளித்தடுப்பு, நம் கண்மணியைப் போலச் சுருங்கி விரிந்து ஒளியைக் கூட்டும், குறைக்கும். அடுத்தது மேடை. சளியைத் தடவிச் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டை இதன்மேல் வைப்பார்கள்.

மேடைக்கு மேலே, சுழலும் முனையில் பொருளருகு வில்லைகள் இருக்கின்றன. உருவத்தை முதலில் பெரிதாக்குபவை இவையே. குழாயின் உச்சியிலுள்ள கண்ணருகு வில்லை அதை மீண்டும் பெரிதாக்கும். முதல் வில்லை 100 மடங்கும் அடுத்தது 10 மடங்கும் பெருக்கினால், நாம் காண்பது 1,000 மடங்கு. பக்கத்திலுள்ள திருகுகளில் பெரியது வேகமாகவும், சிறியது மயிரிழை அளவிலும் நகர்த்தி உருவத்தைத் தெளிவாக்கும்.

100 மடங்கு வில்லைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு துளி எண்ணெய் விடுவார்கள். இடையில் காற்று இருந்தால் ஒளி வளைந்து விலகிவிடும். எண்ணெய் கண்ணாடியைப் போலவே ஒளியைச் செலுத்துவதால் அது வீணாகாது.

சயரோகக் கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 2 முதல் 4 பங்குதான். அதைக் கண்டறிந்ததாக ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் அறிவித்தார். அதுவரை பரம்பரை நோய் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். வழக்கமான சாயமிட்ட தகட்டில், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாக அது தெரியும். கிருமிகள் மிகக் குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பவும் கூடும். ஆகையால் மருத்துவர் எக்ஸ்ரே முதலிய வேறு சோதனைகளும் செய்யச் சொல்வார்.

லயத்து வீடுகளில் சுவரோடு சுவராக வாழும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இந்நோய் காற்றின் வழியே பரவுவது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், உடல் மெலிவு, மாலைக் காய்ச்சல் இவற்றைக் கண்டால் மறைக்க வேண்டாம், மருத்துவரிடம் செல்லுங்கள். பொதுவாக 6 மாதம் மருந்து உண்டால் குணமாகும். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.