கேட்கும் கருவியும் காக்கும் கருவியும்

நுவரெலியா நகரை அடுத்து உயர்ந்து நிற்கும் பீதுருதாலகால மலை 2,524 மீட்டர் உயரமுடையது. இலங்கையின் மலைகளுள் இதுவே மிக உயர்ந்தது. ரூபவாஹினி என்னும் தேசியத் தொலைக்காட்சி 1982ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றபோது, அதன் அலைபரப்புக் கோபுரத்திற்கு இம்மலையுச்சியே தக்க இடமாயிற்று. உயர்ந்த இடத்திலிருந்து புறப்படும் அலை நெடுந்தூரம் செல்லும் என்பது இயற்கை விதி. ஆனால், அம்மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் மக்களின் பாட்டும் குரலும் எவ்வளவு தூரம் சென்றன? அக்குரலைத் தொலைவிற்குக் கொண்டு செல்லவும், அழியாமற் காக்கவும் வல்ல கருவி ஒன்று இன்று லயந்தோறும் இருக்கின்றது. கையடக்கத் தொலைபேசி என்னும் அக்கருவி பெரும்பாலும் கேட்பதற்கும் பார்ப்பதற்குமே பயன்படுகின்றது. காப்பதற்கும் அது பயன்படும் என்பதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இசைக் கருவிகள் தோட்டத்திற்கு வந்த வரலாற்றை முதலில் நோக்குவோம். கொழும்பிலிருந்து முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆந் திகதி. அக்காலத்து வானொலிப் பெட்டி வால்வுகளைக் கொண்டு இயங்கியது. விலையும் மிகுதி, மின்சாரமும் வேண்டும். ஆகவே தோட்டத்தில் அது துரையின் பங்களாவைச் சேர்ந்த பொருளாக இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த லயத்துக் காம்பராவிற்கு அது எட்டாப் பொருள். அந்நிலையை மாற்றியது டிரான்சிஸ்டர் என்னும் நுண்பொருள். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் அதனைக் கொண்டு அமைந்த சிறு வானொலிகள் விற்பனைக்கு வந்தன. இரண்டு மூன்று உலர் மின்கலங்கள் இருந்தால் போதும், மின்சாரக் கம்பி இல்லாத இடத்திலும் பாட்டுக் கேட்கலாம் என்ற நிலை பிறந்தது.

இலங்கை வானொலி 1949இல் அப்பெயர் பெற்றது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. கடல் கடந்து தமிழகத்திலும் அதன் தமிழ் ஒலிபரப்பை ஆவலுடன் கேட்டோர் மிகப் பலர். தோட்டத்திலே ஒரு வீட்டில் வானொலி இருந்தால், இஸ்தோப்பில் அக்கம்பக்கத்தார் கூடுவர். மலையில் கொழுந்து பறித்து, நிறுவை முடித்து, பீலிக்கரையில் கைகால் கழுவி வந்தவர்களுக்கு அந்த மாலைப் பொழுதே ஓய்வு. பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் கொழும்பிலே இருந்தார்; கேட்பவர் இங்கே ஒன்றாக இருந்தார்கள். விருப்பமான பாடலுக்கு அஞ்சலட்டை எழுதிவிட்டு வாரக்கணக்கிற் காத்திருந்தவர்கள், தம் பெயரும் தோட்டத்தின் பெயரும் காற்றில் வந்தபோது அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

பின்னர் ஒலிநாடா வந்தது. கைக்கடக்கமான நாடாப் பேழையைப் பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963இல் வெளியிட்டனர். இதன் சிறப்பு யாதெனில், கேட்பதற்கு மட்டுமன்றிப் பதிவதற்கும் இது இடந்தந்தது. கடிதத்திற்குப் பதிலாகத் தம் குரலையே நாடாவிற் பதிந்து அயல்நாட்டிலிருந்து வீட்டிற்கு அனுப்பியவர்கள் தமிழரிடையே பலர் உண்டு. ஆயினும் நாடா ஈரத்திற்கும் பூஞ்சணத்திற்கும் அஞ்சும் பொருள். மூடுபனியும் மழையும் மிக்க மலைநாட்டில் பெட்டியில் வைத்த நாடா சில ஆண்டுகளில் கெட்டுவிடுதல் இயல்பு.

இன்று இசை எண்களாக மாறிவிட்டது. 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டில், ஒலியலை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, அவ்வளவுகள் எண்களாகக் குறிக்கப்படுகின்றன. இம்முறையிற் பதிந்த ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேண்டும். அதனைச் சுருக்கும் வழியை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிலையத்தார். அவர்கள் வளர்த்தெடுத்த முறை 1995இல் எம்பி3 என்று பெயர் பெற்றது. மனிதச் செவியின் இயல்பே அதன் அடிப்படை. தப்பு முழங்கும் வேளையில் அருகிருப்பவர் முணுமுணுப்பது காதில் விழுவதில்லை. அவ்வாறு செவிக்கு எட்டாத ஒலிகளை நீக்கிவிட்டால், கேட்பவர் வேறுபாட்டை எளிதில் உணரார். இசையோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கின்றது. நீர் போகின்றது, சாரம் நிற்கின்றது. ஆனால் வறண்ட தூள் மீண்டும் கொழுந்தாவதில்லை. அதுபோல, நீக்கிய ஒலியும் மீண்டு வருவதில்லை. இதனை நினைவில் வைத்தல் வேண்டும், பின்னர் பயன்படும்.

வானொலி, ஒலிநாடாக் கருவி, நிழற்படக் கருவி, கடிகாரம், செய்தித்தாள் ஆகிய யாவும் இன்று ஒரே கைத்தொலைபேசியில் அடங்கிவிட்டன. 2020ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் கொரோனாத் தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடமும் அதன் வழியே வந்தது. அலை கிடைக்கும் இடந்தேடி மாணவர்கள் மேடுகளில் ஏறி அமர்ந்ததை நாடறியும். ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளும் உண்டு. இக்கருவி ஆடம்பரப் பொருள் என்ற எண்ணம் அந்நாட்களில் மறைந்தது.

எனினும் ஒரு மாற்றத்தைக் கவனித்தல் வேண்டும். இஸ்தோப்பில் பத்துப்பேர் கேட்ட பாட்டை இன்று ஒரே காம்பராவிலுள்ள நால்வரும் தனித்தனியே காதிற் பொருத்திக் கேட்கின்றனர். பேரன் ஒன்று கேட்கிறான். பாட்டிக்கு அது கேட்பதில்லை. பாட்டி பாடக்கூடியது ஒன்று உண்டு. பேரனுக்கு அது தெரிவதில்லை. இளைஞரைக் குறை கூறுதற்கு இதனைச் சொல்லவில்லை. இணையத்தில் அடுத்து வரும் பாட்டைத் தேர்பவர் ஒரு மனிதரல்லர், கணிப்பொறியின் கணக்கு. பலர் கேட்டதையே அது மேலும் பலருக்கு எடுத்து நீட்டும். எவரும் பதிவேற்றாத பாட்டை அது எங்ஙனம் அறியும்? உலகத்தின் பாட்டெல்லாம் லயத்திற்குள் வருகின்றது. லயத்தின் பாட்டோ, ஒருவர் கைகொடுத்தாலன்றி வெளியே செல்வதில்லை.

லயத்தின் பாட்டு என்பது யாது? தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும்போது பாடியவை, கங்காணியைக் கேலி செய்தவை, கடல் கடந்து வந்த துன்பத்தைச் சொன்னவை எனப் பலவாம். மாசி மாதத்துக் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்து ஆகியவற்றின் பாடல்களும் இவற்றைச் சேரும். இவற்றின் அருமையை முன்னரே உணர்ந்தோர் உளர். அட்டனில் வாழ்ந்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் துயரை எளிய மெட்டிற் பாட்டாக்கித் தோட்டமக்களிடையே தாமே பாடினார். வட்டகொடைப் பகுதியின் மடகொம்பரையில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் 1984இல் மறைந்தார். அத்தகையோர் முயற்சி இல்லாதிருந்தால் பல பாடல்களின் சொற்கள்கூட எஞ்சியிரா.

ஆனால் அச்சுப் புத்தகம் சொல்லைக் காக்கும். மெட்டை முழுதும் காக்காது. ஒப்பாரியில் எந்த இடத்தில் மூச்சு இழுபடுகின்றது, காமன் கூத்தில் தப்பின் அடி எங்கே மாறுகின்றது என்பவற்றை எழுத்து எப்படிக் காட்டும்? அவற்றைக் காக்க வல்லது ஒலிப்பதிவே. முற்காலத்தில் ஒலிப்பதிவிற்குப் பெருஞ்செலவும் நிலையமும் தேவைப்பட்டன. இன்று அது பேரனின் சட்டைப்பையில் இருக்கின்றது. பாடத் தெரிந்த முதியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகவே காலதாமதம் கூடாது.

பதிவு செய்வோர் சில முறைகளைக் கைக்கொள்ளல் நலம். முதலாவது, இசைவு. பாடுபவரிடம் நோக்கத்தைச் சொல்லி, அவர் சம்மதம் பெற்ற பின்னரே பதிதல் வேண்டும். ஒப்பாரி ஒரு குடும்பத்தின் துயரம். அதனை இணையத்தில் ஊரறிய வைக்கலாமா, வீட்டளவில் வைக்கலாமா என்று முடிவு செய்பவர் பாடியவரே. பாடியவர் மறுத்தால் அம்மறுப்பை மதித்தல் பண்பாடு.

இரண்டாவது, குறிப்பு. பாட்டைத் தொடங்குமுன் பாடுபவரின் பெயர், தோட்டம், பிரிவு, பாடும் சந்தர்ப்பம், எவரிடம் கற்றது, பதிந்த நாள் ஆகியவற்றை வாயாற் சொல்லிப் பதிந்துவிடுவது சிறந்தது. பெயரும் ஊரும் இல்லாத பதிவு பிற்காலத்தார்க்குப் பாதியளவே பயன்படும்.

மூன்றாவது, ஒலித்தெளிவு. காற்று வீசும் வெளியையும், அடுப்பும் பாத்திரமும் ஒலிக்கும் இடத்தையும் விட்டு, கதவடைத்த அறையில், பாடுபவருக்கு ஒரு முழத் தொலைவிற் கருவியை அசையாது வைத்தல் வேண்டும். இடையில் அழைப்பு வந்து பாட்டைக் கலைக்காதபடி தொலைபேசியின் இணைப்பை அணைத்துவிடுதல் நன்று.

நான்காவது, பாதுகாப்பு. செய்திச் செயலி வழியே நண்பருக்கு அனுப்பும் காணொளி வழியிலே மேலும் சுருக்கப்படுவதுண்டு. நீக்கிய ஒலி மீளாது என்று முன்னர்க் கூறியது இதன்பொருட்டே. முதற்பிரதியை அவ்வாறே வைத்துக்கொண்டு, அதன் படியை அனுப்புதல் வேண்டும். ஒரே தொலைபேசியில் மட்டும் இருக்கும் பதிவு அத்தொலைபேசியின் ஆயுள் வரையே வாழும். தண்ணீரில் விழுந்தாலும், பழுதுபார்க்கும் கடையில் துடைத்து அழிக்கப்பட்டாலும் அதுவும் போய்விடும். ஆகையால் பள்ளியின் கணினியிலோ, வேறொரு நினைவகத்திலோ மறுபிரதி ஒன்று இருத்தல் இன்றியமையாதது.

இம்முயற்சி மலையகத்தின் எல்லையோடு நிற்பதன்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவிற்கும், 300,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனக் கணக்கிடப்பட்டனர். அதன்பின் அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலும் ஆன குடும்பங்கள் எத்தனையோ. இலங்கையிலிருந்து சென்றோருக்கு வேலையளிக்கும் நோக்குடன் தமிழக அரசு 1968இல் நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களும் தாலாட்டையும் ஒப்பாரியையும் தம்முடன் கொண்டு சென்றனர். இங்கே மறந்த அடி அங்கே நினைவில் இருக்கலாம். அங்கே மறந்த மெட்டை இங்குள்ள மூதாட்டி ஒருவர் அறிந்திருக்கலாம். ஒரு கடிதம் சென்று மறுமொழி வர வாரங்கள் ஆன காலம் போய், ஒரு பாட்டு ஒரு நொடியில் அட்டனிலிருந்து கூடலூரை அடையும் காலம் வந்துள்ளது. பிரிந்தவர் உறவைப் புதுப்பித்துக்கொள்ளவும் அப்பாட்டு வழிசெய்யும்.

விடுமுறை நாளொன்றில் மாணவன் ஒருவன் தன் பாட்டியின் அருகில் அமர்ந்து ஒரே ஒரு தாலாட்டைப் பெயரும் ஊரும் குறித்துப் பதிந்து வைத்தால், அஃதே நல்ல தொடக்கம். பதிந்த பின் அதனைக் காதில் மாட்டிக் கேளாமல், வீட்டார் அனைவரும் கேட்கும்படி ஒருமுறை ஒலிக்கச் செய்வானாக. தம் குரலைத் தாமே கேட்கும் அம்மூதாட்டி, விட்டுப்போன அடி ஒன்றை அப்போதே நினைத்துப் பாடவும் கூடும். அதனையும் அவன் பதிந்துகொள்ளட்டும்.