கந்தோருக்கும் வயலுக்கும் இடையில்



வேலையும் மனநலமும் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். மனநலம் பற்றி நாங்கள் படித்தவர்கள் அல்லர். தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸேறி இக்கல்லூரிக்கு வந்து, ஒரே ஆண்டில் வெளியேறிய மூவர். ஒருத்தி தாதி, ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி கந்தோரில் எழுதுவினைஞர். மூவருக்குமாக ஒருத்தி பேசுகிறோம்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல் ஒரு பக்கம். குடாவும் கண்டல் மரங்களும் மறுபக்கம். நடுவே ஆதி கோணேஸ்வரம். அந்தக் குடாவின் தட்டையான, கண்ணாடி போன்ற முத்துச் சிப்பிகளைப் பற்றி ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற கடலாய்வாளர் 1906இல் அறிக்கையே எழுதினார். நாங்களோ பன்னிரண்டு வருடம் பஸ் யன்னலால் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பாடப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்தவர்கள்.

வேலைக்குப் போன பிறகு யன்னலால் பார்ப்பதும் நின்றது. எங்களில் தாதியானவள் அப்போது ஒரு மருத்துவமனையில் இருந்தாள். ஆள் குறைவு, இரவுக் கடமை அதிகம். ஒரு விடியற்காலை ஒரு பெண் வாட்டு வாசலில் வந்து கணவரின் பெயரைச் சொல்லி, "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். இவள், "எத்தனையாம் கட்டில்?" என்றாள். ஏழாம் கட்டில். அவர் அன்றிரவே இறந்திருந்தார். மூன்று நாள் மருந்து கொடுத்தவளுக்கு அவர் பெயர் நினைவில் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தகப்பனார் ஏசவில்லை. "கட்டிலிலை கிடக்கிற மனுசனுக்குப் பேர் ஒண்டும் இல்லையோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் தண்ணீர் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போனார். புளியடி வயல், மடுவோரத் துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. எந்த வரம்பில் நண்டு வளை வைக்கும், எந்த மூலை முதலில் காயும் என்றும் தெரியும். குனிந்து, கையாலேயே சேற்றை அள்ளி வளையை அடைத்தார். அரை மணித்தியாலம் இருவரும் பேசவில்லை. அன்றிரவு அவள் வாட்டுக்குள் போனதும் மருந்து அட்டையைப் பார்க்குமுன் முகத்தைப் பார்த்தாளாம்; பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்டது. பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில், யன்னலால் மரங்களைக் கண்டவர்கள் செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது நோயாளர் பற்றியது. பராமரிப்பவளுக்கும் ஒரு யன்னல் வேண்டாமா என்று எங்கள் தோழி கேட்கிறாள்.

இயற்கையைத் தாலாட்டாக நினைத்துவிட வேண்டாம். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளத்து அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். போர்க்காலத்தில் வரம்பில் நடப்பதே பயமாக இருந்தது. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் நடக்க வரம்பே இல்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அப்பாமாருக்கு மாலையில் வயல் இருந்தது. அம்மாமாருக்கு அடுப்புத்தான் இருந்தது. எங்களுக்கும் அப்படியே. "இயற்கையோடு நேரம் செலவிடுங்கள்" என்று பெண்களுக்குச் சொல்கிறவர்கள் அந்த நேரத்தை யார் தருவதென்றும் சொன்னால் நல்லது.

நாங்கள் அதைக் களவாகத்தான் எடுத்தோம். வீட்டுக்குக் கிட்டிய தரிப்புக்கு ஒரு தரிப்பு முன்பே இறங்கி, வாய்க்கால் கரையால் நடப்போம். கால்மணித்தியாலம். முதல் ஐந்து நிமிடம் மேலதிகாரியைத் திட்டுவோம். பிறகு கொக்குகள் எழும்பும், பேச்சு நின்றுவிடும். ஆசிரியை, அன்று பிள்ளையொன்றை அடிக்கக் கையோங்கியதை ஒருநாள் அங்கேதான் எங்களுக்குச் சொன்னாள். மறுநாள் அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசினாள்.

இப்போது வேளாண்மை குடலைப் பருவத்தில் நிற்கிறது. விழா முடிந்து நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தால் நடக்க வெளிச்சம் இருக்கும். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். செருப்பைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.