முழங்கால் சொன்னது



பட்டம் பெறும் பிள்ளைகளே, முப்பது ஆண்டுகள் நடைப்போட்டி நடுவராக இருந்தவன் நான். அதனால் ஹாக்கம் சிங்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பஞ்சாபின் பர்னாலா பக்கம் பட்லான் கிராமத்துக்காரர். 1972இல் 6 சீக்கிய ரெஜிமென்டில் சேர்ந்தார். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் 20 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார்.

இருபது கிலோமீட்டர் என்றால் மைதானத்தில் ஐம்பது சுற்று. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்வைத்த கால், தரை தொட்டதிலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர் வெறுங்கண்ணால் பார்த்தே முடிவு சொல்வார். இந்தத் தீர்ப்புச் சண்டைகள் முற்றியதால் 1928 ஒலிம்பிக்கில் நடைப்போட்டியே இல்லாமல் போனது.

கல்லூரி நாளில் நானும் நடந்தேன். ஒரு போட்டியில், முடிய இரண்டு சுற்று இருக்கையில் மூன்றாவது சிவப்பு அட்டை வந்து நீக்கப்பட்டேன். வெளியே வந்து நடுவரிடம் சண்டைக்குப் போனேன். அந்தப் பெரியவர் குனிந்து என் வலது முழங்காலில் விரலை வைத்தார். "தம்பி, நீ களைச்சுட்ட. இது ஓடப் பார்க்குது" என்றார். அன்று இரவு முழுக்க அழுதேன். நடுவராக வேண்டும் என்ற ஆசை அந்த விரலிலிருந்து வந்தது.

ஹாக்கம் சிங்கை 1981இல் ஒரு விபத்து போட்டிகளிலிருந்து நிறுத்தியது. 1987இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். பின்னாளில் பஞ்சாப் காவல்துறையில் தடகளப் பயிற்சியாளராக இளைஞர்களோடு மைதானத்தில் நின்றார். பதக்கத்தைவிட அந்த ஆண்டுகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. தியான் சந்த் விருது 2008இல் வந்தது, தங்கம் வென்று முப்பது ஆண்டுகள் கழித்து! 2018இல் நோயில் படுத்தபோதுதான் நாளிதழ்கள் அவரைத் தேடின. அந்த ஆகஸ்டில் மறைந்தார். அவர் மைதானத்தில் நின்ற காலத்திலேயே நாம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நானும் போகவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

தேடிப் பார்க்க வேண்டியவர்கள் இந்தத் தீவுகளிலும் உண்டு. உங்கள் நிக்கோபார்ப் பிள்ளை ஈசோ ஆல்பன் 2018இல் உலக ஜூனியர் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்றார். சைக்கிளுக்குத் தனித் தடம் வேண்டும். நடைக்கு ஒரு ஜோடி ஷூவும், பார்த்துச் சொல்ல ஒருவரும் போதும்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு இங்குள்ள நேதாஜி ஸ்டேடியம் வாசலில் இருப்பேன். நடக்க விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். உங்கள் முழங்கால்களை நான் பார்க்கிறேன்.